தண்டனையில் வேகம், தடயத்தில் மெத்தனம்

முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றிருந்த இளைஞரை 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் விதித்து, சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்த தண்டனை அது. தாம்பரம், குன்றத்தூர், போரூர் பக்கத்துப் பெற்றோர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வது? அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்பதற்குச் சட்டப்படி இன்று விடை இல்லை.

தீர்ப்பு வந்த அன்று தொலைக்காட்சி விவாதங்களில் கோபம் முழுக்க நீதிபதிகள் மேல் திரும்பியது. தீர்ப்பை வாசித்தவர்களுக்கு அந்தக் கோபம் வேறு இடத்தில் போய் நிற்கும். கொதித்துப்போன ஒரு ஊருக்கு அவசரமாக ஒரு தண்டனையைக் கொடுத்த அமைப்பு, அந்தத் தண்டனையைத் தாங்கி நிற்கும் சாட்சியத்தைச் சேர்க்கவில்லை.

பாலியல் வன்முறையோடு சேர்ந்த கொலைகளைப் பற்றி உலகில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு நடக்கிறது. கொலையாளிகள் எப்படிப்பட்டவர்கள், எங்கே, எப்படிச் செய்கிறார்கள், ஏன் பிடிபடாமல் போகிறார்கள் என்பதைப் பற்றி ஓரளவு தெளிவும் வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியாவது நம் காவல் நிலையங்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் வந்து சேர வேண்டும்.

வழக்கு எங்கே உடைந்தது?

2017 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. அடுக்குமாடிக் குடியிருப்பில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் காணவில்லை. சில நாட்களில் அதே குடியிருப்பில் வசித்த இளைஞர் கைதானார். அனகாபுத்தூர் அருகே புறவழிச் சாலையோரத்தில் எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. அவர்மீது போடப்பட்ட குண்டர் தடுப்புச் சட்டக் காவலை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. செப்டம்பரில் அவர் பிணையில் வந்தார். டிசம்பர் 2 அன்று அவருடைய தாய் கொலையுண்டு கிடந்தார். அந்த வழக்கிலும் அவரே தேடப்பட்டு மும்பையில் பிடிபட்டார். பின்னாளில் தந்தை பிறழ்சாட்சியாக மாற, 2025இல் அந்த வழக்கிலும் விடுதலை கிடைத்தது.

இரண்டாவது மரணச் செய்திக்குப் பிறகு ஊரின் பொறுமை போய்விட்டது. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், நீதிமன்றமும் அதே வேகத்தில் ஓடியது. 2017 அக்டோபரில் குற்றச்சாட்டு பதிவான நாளில் அவர் சார்பில் வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டது டிசம்பரில். அடுத்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கியது. 2018 பிப்ரவரி 19 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. அதே நாளில் தூக்குத் தண்டனை. அவருடைய மனநிலை, வளர்ந்த சூழல், சிறை நடத்தை பற்றி ஒரு அறிக்கைகூடக் கேட்கப்படவில்லை.

நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு கண்டுபிடித்த ஓட்டைகள் இதைவிட அடிப்படையானவை. சம்பவத்தன்று குழந்தையைக் குற்றஞ்சாட்டப்பட்டவரோடு பார்த்ததாகச் சொன்ன சாட்சி நம்பும்படியாக இல்லை. கோயில் கேமரா பதிவு முக்கியம் என்று சொன்ன காவல் துறை, அந்தப் பதிவை முறையாகக் கைப்பற்றி நீதிமன்றத்தில் வைக்கவில்லை. வாக்குமூலத்தின் அடிப்படையில் பொருட்கள் மீட்கப்பட்டதாகச் சொன்ன கதையில் முரண்கள் இருந்தன. ஆய்வகத்துக்குப் போன மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, இடையில் எங்கே இருந்தன என்பதற்குச் சங்கிலி இல்லை.

இதில் எதுவும் சட்ட நுணுக்கம் அல்ல. நகைக் கடையில் அடகு வைக்கும்போதுகூட ரசீதில் எடை எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டுகிறார்கள். ஒரு குழந்தையின் கொலை வழக்கில் அந்த அளவு கவனம் இல்லை.

விடுவிக்கப்பட்டவரைச் சட்டம் குற்றமற்றவராகவே கருதுகிறது. இந்தக் கட்டுரையும் அப்படியே கருதுகிறது. ஆகவே, கொலையாளிகளின் குணம் பற்றிக் கீழே வருபவை அவரைப் பற்றியவை அல்ல.

முகலிவாக்கம் வழக்கு தனியாக நிற்கவும் இல்லை. நொய்டா அருகே நிதாரியில் 2006 டிசம்பரில் குழந்தைகளின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது நாடே நடுங்கியது. தூக்குத் தண்டனைகள் வரிசையாக விழுந்தன. 2023 அக்டோபரில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் பெரும்பாலான வழக்குகளில் விடுதலை அளித்தது. 2025 நவம்பரில் எஞ்சிய கடைசி வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோனது. அங்கே குழந்தைகள் காணாமல்போனதாகப் பெற்றோர் கொடுத்த புகார்களைத் தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை.

'சைக்கோ'வைத் தேடும் கண்கள்

இப்படி ஒரு கொலை நடந்ததும் நாளிதழ்த் தலைப்பில் 'சைக்கோ கொலையாளி' வந்துவிடும். ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், அந்தப் பிம்பத்தை வளர்த்ததில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. சினிமாவுக்கு இன்னும் பெரிய பங்கு. 1978இன் 'சிகப்பு ரோஜாக்கள்' முதல் 2018இன் 'ராட்சசன்' வரை, சிறுவயதில் காயம்பட்டு, தனியே வாழ்ந்து, மாதக்கணக்கில் திட்டம் போட்டுக் கொல்லும் ஒருவனையே திரையில் பார்த்துப் பழகிவிட்டோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். எஃப்பிஐ அதிகாரிகள் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளசும், பேராசிரியர் ஆன் பர்கெஸ்ஸோடு சேர்ந்து, சிறைகளில் இருந்த 36 பாலியல் கொலையாளிகளைப் பற்றி ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்டார்கள். திட்டமிட்டுச் செய்பவர், திட்டமின்றிச் செய்பவர் என்ற இரட்டைப் பிரிவு அதிலிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த அதிகாரிகளின் கதை பின்னாளில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

பேட்டிக்கு ஒப்புக்கொண்ட 36 கைதிகளை வைத்துக்கொண்டு உலகத்துக்கே விதி எழுதுவது சரியா என்ற கேள்வி பிறகு எழுந்தது. பிரிட்டனின் டேவிட் கேன்ட்டரும் சகாக்களும் 2004இல், அமெரிக்காவின் 100 தொடர் கொலையாளிகளின் குற்றங்களை எடுத்து அந்தப் பிரிவைச் சோதித்தார்கள். நிஜக் குற்றங்கள் அப்படி இரண்டு பெட்டிக்குள் அடங்கவில்லை. ஏறக்குறைய எல்லாக் கொலையிலும் கொஞ்சம் திட்டம் இருந்தது. மீதி அந்தந்த நேரத்தில் நடந்த குழப்பம்.

கனடாவில் எரிக் போரிகார்ட், மெலிசா மார்டினோ இருவரும் சிறைப் பேட்டிகளை மட்டும் நம்பவில்லை. 1948 முதல் 2010 வரையிலான சுமார் 350 வழக்குகளின் காவல் துறைக் கோப்புகளை எடுத்துப் படித்தார்கள். இவ்வகை ஆய்வுகளிலிருந்து எழும் சித்திரம் சினிமாவுக்கு ஒத்துவராதது. கொலையாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள், பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். பித்துப்பிடித்தவர்கள் மிகச் சிலர். பலருக்கு முன்பே குற்றப் பதிவு இருந்தது. அதில் பாலியல் குற்றத்தைவிடத் திருட்டும் வீடு புகுதலும் அடிதடியும் அதிகம். சம்பவ நேரத்தில் குடித்திருந்தவர்கள் நிறையப் பேர்.

பிரிட்டனில் 1994இல் டான் க்ரூபின் செய்த ஒப்பீடும் குறிப்பிடத்தக்கது. கொலை வரை போன 21 பேரையும், வல்லுறவோடு நின்ற 121 பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரு தரப்புக்கும் இடையே பளிச்சென்று தெரிந்த வேறுபாடுகள் அதிகமில்லை. கொலை செய்தவர்களிடம் சமூகத்திலிருந்து ஒதுங்கிய தனிமை கூடுதலாக இருந்தது. தனிமையில் இருக்கும் லட்சக்கணக்கான மனிதர்கள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்பதால், அதை வைத்து ஒருவரைச் சந்தேகப்படவும் முடியாது.

நம் நாட்டில் மதுமிதா பாண்டே திகார் சிறையில் வல்லுறவுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற சுமார் நூறு பேரிடம் பேசினார். அரக்கர்களை எதிர்பார்த்துப் போன அவர் சந்தித்தது சாதாரண ஆண்களை. பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தக் குற்றவாளிகள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் இனம் அல்ல. அப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பும் ஊர், வேற்று மொழி பேசும் கூலித் தொழிலாளியையும் மனநலம் குன்றிய தெருவாசியையும் சந்தேகிக்கும். பக்கத்து வீட்டுக்காரரை நம்பிக் குழந்தையை விட்டுப் போகும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017 முதல் வல்லுறவோடு கூடிய கொலையைத் தனியாகக் கணக்கெடுக்கிறது. 2017 முதல் 2022 வரை ஆறு ஆண்டுகளில் நாடு முழுக்க 1,551 வழக்குகள். 2022இல் மட்டும் 248. அந்த ஆண்டு மொத்தக் கொலை வழக்குகள் 28,522. ஆக, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். அரிதான குற்றம் என்பதால் எந்த ஒரு காவல் ஆய்வாளருக்கும் தன் பணிக்காலத்தில் இதில் பழக்கம் ஏற்படுவதில்லை. புலனாய்வில் சொதப்பல் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஏன் கொலையில் முடிகிறது?

கொலையில் முடியும் தாக்குதல்களில் ஆய்வாளர்கள் பொதுவாக மூன்று போக்குகளைப் பார்க்கிறார்கள். கோபத்தில் கொல்வது. வதைப்பதிலேயே இன்பம் கண்டு கொல்வது. திரைப்படங்கள் காட்டும் இந்த வகை நிஜத்தில் குறைவு. மூன்றாவது, காட்டிக் கொடுத்துவிடுவாள் என்ற பயத்தில் சாட்சியை அழிப்பது. தெரிந்தவர் செய்யும் குற்றத்தில் இந்த மூன்றாவது போக்கின் ஆபத்து அதிகம். நம் நாட்டு வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர் செய்பவை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வல்லுறவுக்கே தூக்கு என்ற முழக்கத்தை நான் தயக்கத்தோடு கேட்பதற்கு இதுதான் காரணம். குழந்தையை உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், கொன்றுவிட்டால் சாட்சியாவது இருக்காது என்று கணக்குப் போடும் மனம் உண்டு. 2013இல் நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு வல்லுறவுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. கொலையும் சேர்ந்த வழக்குகளில் மரண தண்டனை வேண்டுமா என்பது தனி விவாதம். அதை இங்கே எடுக்கவில்லை.

போரிகார்டின் இன்னொரு முக்கியமான வாதம், சூழல் பற்றியது. ஒரே ஆள், ஒரே எண்ணம். ஆனால் கையில் ஆயுதம் இருந்ததா, இடம் ஒதுக்குப்புறமா, குடித்திருந்தாரா, யாராவது வந்துவிடும் வாய்ப்பு இருந்ததா என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஆளின் மனதை முன்கூட்டி மாற்றுவது கடினம். இடத்தை மாற்ற நகராட்சிப் பொறியாளரால் முடியும்.

சிறுசேரி சிப்காட் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 2014 பிப்ரவரி 13 இரவு, பணி முடித்து வெளியே வந்த பெண் மென்பொறியாளர் ஒருவர் வீடு சேரவில்லை. ஒன்பது நாள் கழித்து, 22ஆம் தேதி, அதே சிப்காட் வளாகப் புதரில் உடல் கிடைத்தது. பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் வளாகம் அது. கண்ணாடிக் கட்டிடத்துக்குள் ஒளிவெள்ளம். வெளியே வந்தால் இருட்டும் முட்புதரும். கட்டுமான வேலைக்கு மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் கைதானார்கள். அதன் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுக வெளிமாநிலத் தொழிலாளர்கள் எல்லோருமே சந்தேகத்துக்கு ஆளானார்கள்.

புதர் வெட்டுவதும் விளக்குப் போடுவதும் அந்த ஒரு வளாகத்தோடு முடியும் வேலை அல்ல. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, முடிச்சூர் பக்கத்துப் புதிய மனைப் பிரிவுகள், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான நடை. இரவு பத்து மணிக்கு மேல் இங்கெல்லாம் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும்.

கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு நள்ளிரவுப் பயணிகள் அங்கே குவிகிறார்கள். 2025 பிப்ரவரியில் அங்கிருந்து ஆட்டோவில் கடத்தப்பட்ட வெளிமாநில இளம்பெண், தெரிந்தவர்களுக்கு அலைபேசியில் தகவல் சொல்ல, காவல் துறை விரட்டியதால் மீட்கப்பட்டார். தகவல் போனது, காவல் துறையும் நேரத்துக்கு வந்தது. உயிர் காத்தவை அவை இரண்டும்தான்.

முதல் மூன்று மணி நேரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாண அட்டர்னி ஜெனரல் அலுவலகம், கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை நாடு முழுவதிலிருந்தும் திரட்டி ஆராய்ந்தது. அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகள், கடத்தப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டிருந்தார்கள். 'சொந்தக்காரங்க வீட்டுல பாத்தீங்களா? காலையில வாங்க' என்று காவல் நிலையத்தில் சொல்லும் ஒரு வாக்கியம் இந்த மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. காணாமல்போன குழந்தை பற்றிய புகாரில் எஃப்ஐஆர் போட வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை எங்கே இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்பது இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலேயே இருக்கிறது. எழுத்தில் இருப்பது இரவுப் பணியில் இருக்கும் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லை என்றதும் இந்தப் புறநகருக்கே உரிய ஒரு சிக்கல். முகலிவாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது. உடல் கிடைத்த அனகாபுத்தூர் இன்று தாம்பரம் மாநகராட்சி. விசாரணை நடந்ததோ செங்கல்பட்டில். 2022 ஜனவரி 1 முதல் சென்னை, தாம்பரம், ஆவடி என மூன்று காவல் ஆணையரகங்கள். அவற்றுக்கு அப்பால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டக் காவல் துறைகள். புறவழிச் சாலையில் இருசக்கர வாகனத்தில் போகிறவர் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று எல்லைகளைத் தாண்டிவிடுவார். தகவல் அந்த வேகத்தில் தாண்டுவதில்லை.

இந்தப் பாடத்தைக் கனடா மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. டொரோன்டோ புறநகரில் தொடர் வல்லுறவில் ஈடுபட்ட பால் பெர்னார்டோவின் மரபணு மாதிரியைக் காவல் துறை 1990 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. ஆய்வகத்தில் அது பொருந்தியது 1993 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், வேறு காவல் எல்லையில், இரண்டு சிறுமிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். 1996இல் நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் கொடுத்த அறிக்கை தனிநபர்களைத் திட்டுவதில் நேரம் போக்கவில்லை. காவல் துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாததும் ஆய்வகத் தாமதமும்தான் கொலையாளியின் கூட்டாளிகள் என்று காட்டியது. வன்முறைக் குற்றங்களை எல்லை தாண்டி இணைத்துப் பார்க்கும் கணினிப் பதிவு அங்கே வலுப்பெற்றது அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டிலும் எச்சரிக்கை வந்ததுண்டு. எடப்பாடி பக்கத்து லாரி ஓட்டுநர் ஜெய்சங்கர் நெடுஞ்சாலை ஓரங்களில் பெண்களைத் தாக்கிவந்தார். 2009இல் பெருமாநல்லூரில் பணியில் இருந்த பெண் காவலரே கடத்திக் கொல்லப்பட்ட பிறகுதான் தேடல் தீவிரமானது. 2011இல் காவலிலிருந்து தப்பி, கர்நாடகத்துக்குப் போய் அங்கும் அதையே தொடர்ந்தார். பாதிக்கப்பட்டவர்கள் பல மாவட்டங்களில், தனித்தனிக் கோப்புகளாகக் கிடந்தார்கள்.

மத்திய அரசு 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது, தொடங்கும்போதே 4.4 லட்சம் பதிவுகள். அது ஆளின் பெயரைத் தேட உதவும். செய்தவர் யார் என்றே தெரியாத இரண்டு சம்பவங்கள் ஒரே பாணியில் நடந்திருக்கின்றனவா என்று பார்க்க வேறு ஏற்பாடு வேண்டும்.

சின்ன வழக்குகளின் கனம்

விடுதிக் குளியலறையில் எட்டிப் பார்த்தவர், மாடியில் காயும் உள்ளாடையைத் திருடியவர், ரயில் நிலையப் படிக்கட்டில் அசிங்கம் செய்தவர். இவர்களை இரண்டு அறை விட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் வழக்கம். புகார் கொடுத்த பெண்ணிடமே 'உங்க பேர்தான் கெடும்' என்று சொல்லி அனுப்புவதும் நடக்கிறது.

இப்படிச் செய்பவர் எல்லோரும் கொலைகாரர் ஆவதில்லை. நூற்றில் ஒருவர்கூட ஆகமாட்டார். ஆனால், பின்னாளில் கொலை செய்தவர்களின் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்கும்போது இப்படிப்பட்ட பதிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே தெருவில் ஆறு மாதத்தில் நான்கு எட்டிப்பார்த்தல் புகார்கள் வந்தால், நான்கும் நான்கு சில்லறைச் சம்பவங்கள் அல்ல. எழுதி வைத்தால்தான் அது தெரியும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு மறைந்து பார்ப்பதையும், 78ஆம் பிரிவு பின்தொடர்வதையும் குற்றமாக்கியிருக்கின்றன.

பின்தொடர்தலின் முடிவை இந்தப் புறநகர் பலமுறை பார்த்துவிட்டது. 2017 நவம்பரில் ஆதம்பாக்கத்தில் வீட்டிலேயே எரிக்கப்பட்ட பெண். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் தள்ளப்பட்ட கல்லூரி மாணவி. 2023 டிசம்பரில் தாழம்பூர் அருகே எரிக்கப்பட்ட மென்பொறியாளர். ஆய்வாளர்களின் வரையறைப்படி இவை பாலியல் கொலை என்ற கணக்கில் வராது. வராவிட்டால் என்ன? மறுத்த பெண்ணை உயிரோடு விடக் கூடாது என்ற எண்ணம் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பதை இவைதான் நமக்குச் சொல்லின.

செய்ய வேண்டியவை

பாலியல் கொலை வழக்கு ஒன்று விடுதலையில் முடிந்தால், மாநில உள்துறை அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி, தடய அறிவியலாளர், மூத்த புலனாய்வு அதிகாரி, குற்றவியல் பேராசிரியர் என நான்கு பேர் போதும். எந்த நாளில் எந்தப் பொருளைக் கைப்பற்றத் தவறினோம் என்று எழுதி, பாதிக்கப்பட்டவரின் அடையாளம் நீக்கி வெளியிட வேண்டும். முகலிவாக்கம் கோப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம். பெற்றோருக்கு அரசு தரவேண்டிய குறைந்தபட்சப் பதில் அது.

மூன்று ஆணையரகங்களுக்கும் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே பாலியல் குற்றப் பகுப்பாய்வுக் குழு வேண்டும். காணாமல்போன பெண்கள், குழந்தைகள், அடையாளம் தெரியாத உடல்கள், பின்தொடர்தல் புகார்கள் ஆகியவை அன்றன்று அந்த ஒரு மேசைக்கு வர வேண்டும். இந்தக் குற்றத்தில் பழக்கமுள்ள பத்து அதிகாரிகள், பழக்கமில்லாத நூறு நிலையங்களுக்குத் துணை நிற்பார்கள்.

ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதை நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். தமிழ்நாடு அவகாசம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1849இல் மெட்ராசில் தொடங்கிய வேதியியல் பரிசோதனைக் கூடம்தான் நம் தடய அறிவியல் துறையின் வேர், இந்தியாவிலேயே முதலாவது. பாலியல் கொலை வழக்கின் மரபணு மாதிரிக்கு நாள் கெடு வைத்து, ஒவ்வொரு கைமாற்றத்தையும் பட்டைக் குறியீட்டோடு பதிவுசெய்ய அந்தத் துறைக்கு ஆளும் பணமும் கொடுக்க வேண்டும். கூரியர் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று அலைபேசியில் பார்க்க முடிகிறபோது இது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முதல் நாளிலிருந்தே அனுபவமுள்ள சட்ட உதவி வழக்கறிஞர் வேண்டும். 'அவனுக்கு எதுக்கு வக்கீல்?' என்று கேட்பவர்கள் முகலிவாக்கம் தீர்ப்பின் முதல் பாதியைப் படிக்கலாம். நல்ல எதிர்வாதம் செங்கல்பட்டிலேயே இருந்திருந்தால், ஓட்டைகள் அங்கேயே தெரிந்து, சிலவற்றையாவது அடைத்திருக்க முடியும். தண்டனைக்கு முன் மனநல அறிக்கையும் சூழல் அறிக்கையும் பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளை மகளிர் நீதிமன்றங்கள் தவறாமல் பின்பற்ற வேண்டும்.

இன்னொன்று ஆய்வு. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் செய்யப்பட்டவை. கூட்டு வீடு, ஒண்டிக் குடித்தனம், சாதி, புலம்பெயர் கூலி எல்லாம் கலந்த நம் சூழலுக்கு அவை அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. தண்டனை உறுதியான வழக்குகளின் கோப்புகளையும், புழல் உள்ளிட்ட மத்தியச் சிறைகளில் இருக்கும் தண்டனைக் கைதிகளையும் நெறிமுறைக் குழு அனுமதியோடு அணுக அவர்களுக்கு வழிவிட வேண்டும்.

பள்ளிகளில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதுவதோடு, தெரிந்த மாமா, மாடி வீட்டு அண்ணன் கூப்பிட்டாலும் சொல்லாமல் போகக் கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். 'முன்பின் தெரியாதவரிடம் பேசாதே' என்ற பழைய பாடம் பாதிப் பாடம்தான்.

கடைசியாக, குடியிருப்போர் நலச் சங்கங்கள் உடனே செய்யக்கூடிய ஒன்று. சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் என்று பார்த்தால் தெருவுக்கு நான்கு கேமரா தொங்குகிறது. பலவற்றில் பதிவு ஒரு வாரத்தில் அழிந்துவிடும்; கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடும்; இரவில் முகம் தெரியாது. பதிவு 30 நாளாவது தங்கும்படி நினைவகம் போடுங்கள். மாதம் ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள். காவல் துறை கேட்டால் பெட்டியைக் கழற்றி அப்படியே கொடுத்துவிடாமல், கைப்பற்றல் மகசரில் இருவர் கையெழுத்திட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியச் சட்டம் கேட்கும் மின்னணுச் சான்றிதழில் கையெழுத்திட ஒருவரைச் சங்கத்திலேயே நியமியுங்கள். அடுத்த பொதுக்குழுவில் தண்ணீர் லாரிக் கணக்குக்கு முன்னால் இதை எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் தீர்மானம் போட்டுவிடலாம்.